இருபது நிமிடம் முந்தி ஓடிய டெக்

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி பத்து நிமிடம். பருத்திப்பட்டு ஏரிக்கரை ரோடு...

நடுராத்திரி, அமாவாசை, ஒற்றைப் புளியமரம் எல்லாம் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். இது நல்ல வெளிச்சம் இருக்கும்போது நடந்தது. ஆனால் ரோட்டில் ஆள் கிடையாது. தொண்ணூற்றொன்றாம் வருடம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் எந்த ரோட்டில் ஆள் இருந்தார்கள், சொல்லுங்கள்? ஆறு மணிக்கு டிவியில் படம். ஐந்து மணிக்கே ஊர் வீட்டுக்குள் ஏறிவிடும். டிவி இல்லாதவன், டிவி இருக்கிறவன் வீட்டு ஜன்னலில் தொங்குவான்.

அந்தக் காலி ரோட்டில் ஒரே ஒரு மொபெட். அதில் செங்கல்வராயன். நம் நாகேந்திரனின் சொந்தச் சித்தப்பா. இதோ நாகேந்திரன் இங்கேதான் இருக்கிறான். நான் கயிறு திரிக்கிறேன் என்று நினைத்தால் அவனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல்வராயனுக்குச் சேக்காட்டில் டிவி, டெக் ரிப்பேர் கடை. டெக் என்றால் வி.சி.ஆர். கேசட் போட்டுப் படம் பார்க்கிற பெட்டி. டிவியில் ஓடுவதைப் பதிவும் செய்யும். நேரம் குறித்து வைத்துவிட்டால் போதும், வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு அதுவே ‘டக்’ என்று எழுந்து, பதிந்து, முடிந்ததும் படுத்துக்கொள்ளும். அந்த டைமர் கெட்டுப்போனால் ஆவடி முழுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கை வைத்துச் சரியாகாத டெக் இல்லை என்று அவருக்கே ஒரு திமிர் உண்டு.

வேம்புலி, கதவோரம் உட்காராதே. பயந்தால் நீதான் முதலில் ஓடுவாய். இப்படி நடுவில் வா.

அன்றைக்கு அவர் அந்த வீட்டுக்குப் போனது நான்காவது தடவை. முதல் மூன்றையும் சொன்னால்தான் நான்காவது புரியும்.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ். மஞ்சள் பூச்சு உதிர்ந்த மாடிக் கட்டடங்கள். இரண்டாவது மாடியில் கஜபதி வீடு. கடைசல் பட்டறை வேலை, தோள் இரண்டும் கதவை அடைக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓவர்டைம் போய் ராத்திரி பத்தரைக்குத்தான் வருவான். அதனால் ஆறு மணிப் படத்துக்கு டைமர் வைத்துவிட்டுப் போவான். திரும்பி வந்து, குளித்து, ஒரு குவார்ட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பான். அவனுக்கு வாரத்தில் இருந்த ஒரே சுகம் அது.

அந்தச் சுகத்தில்தான் மண் விழுந்தது.

“படம் முடியிறதுக்குள்ள கட் ஆயிடுது நைனா,” என்றான் கஜபதி, முதல் தடவை. “கடைசி இருபது நிமிசம் இல்ல. வில்லன் செத்தானா, பொழச்சானா, ஒண்ணும் தெரில. இன்னா மெசின் இது?”

செங்கல்வராயன் டெக்கைப் பார்த்தார். பச்சை எண்களில் ஓடும் கடிகாரம். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டெக் இருபது நிமிடம் முந்தி ஓடியது. அதாவது ஐந்து நாற்பதுக்கே ஆறு என்று நினைத்து எழுந்துகொள்கிறது. அதேபோல் இருபது நிமிடம் முன்னாலேயே படுத்துவிடுகிறது. பிறகு சுவரைப் பார்த்தார். சுவர்க் கடிகாரமும் அதே இருபது நிமிடம் முந்தி ஓடியது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் பழக்கம் அது. காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலையில் சங்கு ஊதும். சங்குக்குப் பிறகு கேட் அடைத்துவிட்டால் அரை நாள் போச்சு. அதற்குப் பயந்து எல்லா வீட்டிலும் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்திருப்பார்கள். இந்த ஆள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து டெக்குக்கு நேரம் வைத்திருக்கிறான்.

“ஊட்டு கடியாரத்த பாத்து வச்சிட்டீங்க அண்ணாத்தே. மெசின் மேல தப்பு இல்ல,” என்றார். ரேடியோவில் மணி சொல்லும்போது சரிபார்த்த தன் கைக்கடிகாரத்தின்படி டெக்கின் நேரத்தைத் திருத்தினார். ஐந்து நிமிட வேலை.

கஜபதி சிரிக்கவில்லை. வெளியாள் முன்னால் தன் தப்பு தெரிந்துவிட்டதே என்று அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. உள்ளே திரும்பி, “கடியாரத்த இருபது நிமிசம் தள்ளி வச்சது நீதானடி?” என்றான். சமையல்கட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். அவன் மனைவி சுசீலா. இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். ஐயப்பன்தாங்கலிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். “நான் வந்ததுலருந்தே அது அப்டிதான் கீது,” என்றாள். அவள் இடது கண்ணைச் சுற்றி ஊதா நிறம்.

செங்கல்வராயன் பார்த்தும் பார்க்காததுபோல வந்துவிட்டார். அதை நினைத்து அவர் பிறகு எத்தனையோ தடவை நொந்துகொண்டார். எனக்கும் அந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கும். நாமெல்லாம் அப்படித்தானே... பார்ப்போம், திரும்பி வந்துவிடுவோம்.

அடுத்த திங்கட்கிழமையே ஆள் வந்துவிட்டது. மறுபடியும் இருபது நிமிடம்.

இந்தத் தடவை கஜபதி வேலைக்குப் போயிருந்தான். சுசீலாதான் கதவைத் திறந்தாள். திறந்த கையின் சுண்டு விரல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. துணி கிழித்துக் கட்டியிருந்தாள்.

“நான் தொடல அண்ணா,” என்றாள் எடுத்த எடுப்பில். “எனக்கு அந்த மெசின எப்டி தொடணும்னே தெரியாது. நான்தான் மாத்தி வக்கிறேன்னு அடிக்கிறாரு. அடிக்கும்போது எண்ணச் சொல்றாரு. நிமிசத்துக்கு ஒண்ணு... இருபது. எப்டியாச்சும் ரிப்பேர் பண்ணிடுங்க அண்ணா. இன்னும் ரெண்டு தபா தப்பா பதிஞ்சா என்ன கொன்னுடுவாரு.”

அவள் அழவில்லையாம். மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாளாம்.

செங்கல்வராயன் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேசட்டைப் போட்டுப் பார்த்தார். இருபது நிமிடம் முன்னால் எழுந்தால் என்ன பதிந்திருக்க வேண்டும்? படத்துக்கு முந்தைய நிகழ்ச்சி. யாராவது உரம் போடுவதைப் பற்றியோ, அம்மைத் தடுப்பு ஊசியைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. திரை கறுப்பு. முழு இருபது நிமிடமும் கறுப்பு. ஆனால் சத்தம் இருந்தது. மிக மெல்லிசாக...

சிக்... சிக்... சிக்... சிக்...

பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்கிற சத்தம்.

டிவி நிலையத்தில் யார் ஸ்டவ் பற்றவைக்கப் போகிறார்கள்? அவர் கேசட்டை வெளியே எடுத்தார். கேசட் நுழைகிற வாயிலிருந்து குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. சில பேர் உள்ளே டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைக்கிறேன் என்று கண்டதையும் ஊற்றுவார்கள். “மண்ணெண்ண ஊத்தினாரா இதுல?” என்று கேட்டார்.

“எங்க ஊட்ல மண்ணெண்ணையே கெடையாது அண்ணா. நான் வர்றதுக்கு முன்னாடியே கேஸ் வந்துடுச்சி.”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மேல்மூடியைக் கழற்றி ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். அந்தக் காலத்தில் நம் ஊர் கரண்ட் சோம்பேறி. அதை நம்பி ஓடுகிற கடிகாரம் பின்தங்கும். மின்சாரம் போய்வந்தால் பூஜ்யத்தில் நின்று கண் சிமிட்டும். முந்தி ஓடுகிற வியாதி மட்டும் எந்தப் பெட்டிக்கும் வந்து அவர் பார்த்ததில்லை. ஒரு வாரம் கடையிலேயே ஓடவிட்டார். ஒரு நொடி பிசகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் படத்தை அவரே டைமர் வைத்துப் பதிந்தார். முதல் எழுத்திலிருந்து கடைசிக் கும்பிடு வரைக்கும் அச்சாக இருந்தது.

அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை. வீட்டில்.

மூன்றாவது தடவை பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். அன்று அவர் செய்த காரியம் ஒன்று. பழைய ரேடியோ மெக்கானிக் எல்லோரும் செய்கிறதுதான். திருகாணி அசையக் கூடாது என்றால் அதன் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுவார்கள். காய்ந்தால் கல். யாராவது தொட்டால் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். டெக்கில் நேரம் மாற்றுகிற பொத்தான்கள் ஒரு சின்ன மூடிக்குள் இருந்தன. அந்த மூடியைச் சுற்றி, தன் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு இழுத்து அடைத்தார்.

“இனிமே யாரு தொட்டாலும் தெரிஞ்சிடும் அண்ணாத்தே,” என்று கஜபதியிடம் சொன்னார். “சீல் ஒடையாம நேரம் மாறிச்சின்னா அது உங்க சம்சாரம் இல்ல. மெசின்தான். நானே வேற வாங்கித் தர்றேன்.”

சுசீலாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார். சீல் அவளுக்குச் சாட்சி சொல்லும் என்று நம்பினார்.

படி இறங்கும்போது கீழ்வீட்டுப் பார்வதம் அவரை நிறுத்தினாள். ஐம்பது வயதுக்காரி, கையில் முறம். மேலே ஒரு கண் வைத்துக்கொண்டு பேசினாள்.

“அந்த டெக்க எத்தினி தபா தூக்கினு போவ நீ? அது சரியாவாது. அந்த ஊட்ல கடியாரம் எதுவும் சரியா ஓடாது. அவன் மொத பொண்டாட்டி புஷ்பா இருந்தாளே, அவ வச்சது அது. நாங்கல்லாம் சங்குக்காக பத்து நிமிசம் தள்ளி வப்போம். அவ மட்டும் இன்னொரு பத்து சேத்து வச்சா. எதுக்கு தெரியுமா? அவன் சீக்கிரம் ஊட்ட உட்டு போவட்டும்னு. பத்து நிமிசம் முன்னாடி போனான்னா பத்து நிமிச அடி மிச்சம். எங்கிட்டயே சொல்லி சிரிச்சா, பாவி.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா... ஒரு நா கண்டுபுட்ச்சிட்டான். அன்னிக்கே ஸ்டவ் வெடிச்சி செத்துட்டா.” பார்வதம் முறத்தைத் தட்டினாள். “ஸ்டவ்தான் வெடிச்சிதுன்னு அல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன்.”

இப்போது அந்த ஏரிக்கரை ரோட்டுக்கு வருவோம். நான்காவது தடவை. ஐந்து மணி பத்து நிமிடம்.

சீல் வைத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. காலையில் கஜபதியே கடைக்கு வந்துவிட்டுப் போயிருந்தான். “இன்னிக்கி ஓவர்டைம் போவல. நீ சாய்ங்காலம் வந்துடு நைனா. மூணு பேரும் பக்கத்துலயே குந்திகினு பாப்போம். மெசின் மாத்துதா, இவ மாத்துறாளான்னு.” போகப் பயந்தார். போகாவிட்டால் அவள் தனியாக இருப்பாள். அதற்கு அதைவிடப் பயந்தார். அதனால் போனார்.

வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பிராந்தி வாடை. கஜபதி நாற்காலியில், லுங்கி, பனியன். மடியில் ஓர் இரும்புத் தடி... ஒன்றரை அடி நீளம், பட்டறையில் அவனே கடைந்து பளபளவென்று தேய்த்தது. சுசீலா டெக்கிலிருந்து நாலு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் தெரிகிறமாதிரி வைத்திருந்தாள். அப்படி வைக்கச் சொல்லியிருந்தான்.

செங்கல்வராயன் குனிந்து சீலைப் பார்த்தார். சிவப்புக் கோட்டில் ஒரு கீறல்கூட இல்லை. டெக்கில் ஐந்து முப்பத்தெட்டு. கைக்கடிகாரத்திலும் ஐந்து முப்பத்தெட்டு.

“பாத்தீங்களா அண்ணாத்தே? கரெக்டா கீது,” என்றார்.

டிவியில் யாரோ கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூவரும் பச்சை எண்களையே பார்த்தார்கள். ஐந்து முப்பத்தொன்பது. ஐந்து நாற்பது.

அடுத்த நொடி... நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. யாரோ பொத்தானை நிதானமாக, ஒவ்வொரு தடவையாக அழுத்துகிறார்கள். மூடிக்குப் பின்னால் அந்தச் சின்னச் சத்தம்கூடக் கேட்டது. டிக். டிக். டிக். சீல் உடையவில்லை. சுசீலாவின் கை மடியில் இருக்கிறது.

டெக்கில் ஆறு மணி.

டக். கிர்ர்ர்... கேசட் உள்ளே சுற்றத் தொடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. டிவி கறுத்தது.

சிக்... சிக்... சிக்... சிக்...

இப்போது மெல்லிசாக இல்லை. அறைக்குள்ளேயே யாரோ குத்துக்காலிட்டு ஸ்டவ் அடிக்கிறமாதிரி. பிறகு டிவியிலிருந்து ஓர் ஆண் குரல். கஜபதி குரல். இன்னும் கொஞ்சம் இளசாக.

“மணி இன்னாடி ஆவுது?”

ஒரு பெண் குரல். “ஆறே முக்கால். கௌம்புங்க, சங்கு ஊதிடும்.”

ஸ்டவ் மட்டும் புஸ்ஸென்று எரிகிற சத்தம்.

“கைக்கடியாரம் வாங்கியாந்தேன் நேத்து. பாக்கிறியா? ... நல்லா பாருடி. ஆறு இருவத்தஞ்சி.”

பிறகு அடி விழுந்தது. ஈரத்துணியைத் துவைகல்லில் ஓங்கி அறைகிற சத்தம் என்று செங்கல்வராயன் சித்தப்பா சொல்வார். அதற்குமேல் ஒரு தடவையும் சொன்னதில்லை. “எத்தினி நிமிசம் திருடின? இருபது. எண்ணு.”

“ஒண்ணு...” என்றது அந்தப் பெண் குரல்.

“ரெண்டு...”

செங்கல்வராயன் கஜபதியைப் பார்த்தார். அவன் வாய் திறந்திருந்தது. எச்சில் ஒழுகியது. டிவியில் ஏழு வரைக்கும் அவள் எண்ணினாள். எட்டில் குரல் உடைந்தது. பதினொன்றில் வார்த்தை வரவில்லை, காற்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு டிவிக்குள் அவனே எண்ணினான். பதினாறு... பதினேழு... மூச்சு வாங்காமல், ஆணி எண்ணுகிறவன்மாதிரி. இருபது முடிந்ததும் தகர டப்பாவின் மூடி திறக்கிற சத்தம். மளக்... மளக்... மளக்... ஏதோ ஊற்றுகிற சத்தம்.

“நிறுத்துடா அத்த!” என்று கத்தினான் கஜபதி.

செங்கல்வராயன் பாய்ந்து இரண்டு பிளக்கையும் பிடுங்கினார். பச்சை எண்கள் அணைந்தன. டிவி அணைந்தது. சத்தம் அணையவில்லை. டெக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. டெக்குக்கு ஸ்பீக்கரே கிடையாது, ஐயா. ஸ்பீக்கரே கிடையாது.

தீக்குச்சி உரசுகிற சத்தம். அப்புறம் அவள் கத்தினாள்.

அந்தச் சத்தத்தை யாரால் பொறுக்க முடியும்? கஜபதியால் முடியவில்லை. ஆனால் பேயை அடிக்க முடியாதே. அவனுக்கு அடிக்கக் கிடைத்தது ஒருத்திதான். “நீதான்டி! சூனியக்காரி! நீதான் அவள கூட்டினு வந்த!” என்று எழுந்து தடியை இறக்கினான். சுசீலாவின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

செங்கல்வராயன் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவன் ஒரு உதறு உதறினான். தடியின் அடிமுனை அவர் வாயில் இறங்கியது. மூன்று பல் தரையில். வாய் நிறைய ரத்தம். விழுந்த இடத்திலிருந்து பார்க்கிறார்... கஜபதி இரண்டு கையாலும் தடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். சுசீலாவின் தலைக்கு நேராக.

அப்போது சுசீலா நகர்ந்தாள்.

நடக்கவில்லை. தவழவில்லை. நகர்ந்தாள். அவளுடைய வலது கை மட்டும் முன்னால் விறைப்பாக நீண்டிருந்தது, மணிக்கட்டைப் பிடித்து யாரோ இழுத்துக்கொண்டு போகிறமாதிரி. அந்தக் கை வளையல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கித் தெறித்தன. உடம்பு தரையில் தேய்ந்துகொண்டே போயிற்று. தடி வெறும் தரையில் இறங்கி மொசைக்கைப் பெயர்த்தது. கதவு தானாகத் திறந்தது. அவள் வாசலைத் தாண்டி மாடிப்படி முகப்பில் போய் விழுந்தாள். செங்கல்வராயன் எப்படித்தான் நான்கு காலில் அவள் பின்னால் ஓடினாரோ, அவருக்கே தெரியாது. அவர் கால் வெளியே வந்ததும் கதவு டமார் என்று சாத்திக்கொண்டது.

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு கஜபதியின் குரல். சின்னப் பையன் குரலாகிவிட்டிருந்தது. “புஷ்பா... தே... வோணாம் புஷ்பா...”

“எண்ணு,” என்றது பெண் குரல்.

அடி விழுந்தது.

“ஒண்ணு...” என்றான் கஜபதி.

அதற்குள் கட்டடமே வெளியே வந்துவிட்டது. பார்வதம் மேலே ஓடிவந்து சுசீலாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான்கு ஆண்கள் சேர்ந்து கதவை இடித்தார்கள். தினமும் பட்டறையில் இரும்பு தூக்குகிறவர்கள். ஒரு சாதாரணப் பலகைக் கதவு அசையவில்லை. உள்ளே எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கு ஒன்று. நடுவே நிஜமான மணி ஆறாகி எல்லா வீட்டு டிவியிலும் படம் தொடங்கியது. பாட்டுச் சத்தம் மாடி மாடியாகக் கேட்டது. பார்க்க வீட்டுக்குள் ஆள் இல்லை. பதினான்கு என்றான். பதினைந்து... அதற்குமேல் அவனால் எண்ண முடியவில்லை. அவள் எண்ணினாள்.

இருபது.

கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம். குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. கஜபதி கத்தியது சங்குச் சத்தம்மாதிரி இருந்தது என்று அந்தக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது நின்ற பிறகு கதவு தானாகத் திறந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தது கரிதான். அடையாளம் சொல்ல இரும்புத் தடி மட்டும் மடியில் இருந்தது. அதற்கு அடியில் இருந்த நாற்காலியின் பிளாஸ்டிக் வயர் உருகவில்லை. தலைக்கு மேலே தொங்கிய காலண்டர் பழுக்கவில்லை.

போலீஸ் வந்தது. ஸ்டவ் வெடித்து இறந்ததாக எழுதிக்கொண்டு போனது. அந்த வீட்டில் ஸ்டவ்வே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. பார்வதம்கூடச் சொல்லவில்லை. டெக்கிலிருந்த கேசட்டைப் பிறகு ஒரு நாள் செங்கல்வராயன் போட்டுப் பார்த்தார். பிளக் பிடுங்கிய டெக், ஞாபகம் இருக்கட்டும். ஆறு மணிப் படம் முதல் எழுத்திலிருந்து கடைசிக் கும்பிடு வரைக்கும் சுத்தமாகப் பதிந்திருந்தது. ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. கேசட்டை ஏரியில் வீசிவிட்டு வந்தார். அதோடு டைமர் ரிப்பேர் எடுப்பதை விட்டுவிட்டார்.

சரி, கதை முடிந்தது, சுசீலா பிழைத்தாள், கெட்டவன் செத்தான் என்று நீங்கள் பெருமூச்சு விடுகிறீர்கள். சித்தப்பாவும் ஏழு வருடம் அப்படித்தான் நிம்மதியாக இருந்தார். “ஒரு உசுரு தப்பிச்சிது. அந்த புஷ்பா மகராசி காப்பாத்தினா,” என்று வருடா வருடம் அந்தத் தேதியில் அவளுக்கு ஒரு ரவிக்கைத் துண்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன மே மாதம். மத்தியானம் இரண்டு மணி. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ எதிரில் சுசீலாவைப் பார்த்தார். தையல் கம்பெனியில் வேலை, அம்மாவோடு இருக்கிறாள். தோள் எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. மற்றபடி நன்றாக இருந்தாள். அந்த வெயிலில் புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தாள். நிழலில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். புஷ்பாவைக் கும்பிடுகிற விஷயத்தை அவர் சொன்னார்.

“உன்ன காப்பாத்தின சாமிம்மா அது.”

சுசீலா தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“காப்பாத்தினாங்களோ... புடிச்சிகினாங்களோ... தெரில அண்ணா,” என்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தலைப்பை விலக்கினாள்.

கழுத்தில் ஒரு கை. கரிந்த தோலில், அச்சுக் குத்தினமாதிரி, ஒரு பெண்பிள்ளையின் சின்னக் கை. நான்கு விரல் பிடரிப் பக்கம். கட்டைவிரல் தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் பக்கத்தில். பழைய தழும்பாக இல்லை. ஓரமெல்லாம் சிவந்து ஈரமாக இருந்தது.

செங்கல்வராயன் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். தன் கண்ணால் பார்த்தவர் இல்லையா அவர்? “அன்னிக்கி உன்ன கைய புடிச்சிதான இழுத்துச்சி?” என்றார்.

“ஆமாண்ணா. மொதல்ல மணிக்கட்டுலதான் இருந்துச்சி,” என்றாள் சுசீலா. “வருசத்துக்கு நாலு வெரல் அகலம் மேல வருது.”